சாயக் கழிவுநீருக்கு யு.எஃப்.–ஆர்.ஓ. தொகுதி: யாழ்ப்பாணக் கைத்தறிச் சாயக்கூடத்துக்குச் சரிவருமா?

இங்கே மதிப்பிடுவது ஒரே சட்டத்தில் பூட்டி வரும் சின்னத் தொகுதி. யு.எஃப். என்பது துகளையும் கிருமியையும் நிறுத்தும் மிகநுண் வடிகட்டல்; ஆர்.ஓ. என்பது எதிர்ப் பிரசாரணம், அதாவது அமுக்கம் கொடுத்துத் தண்ணீரைச் சவ்வுக்குள்ளால் தள்ளி, கரைந்த உப்பையும் சாயத்தையும் பின்னால் நிறுத்துவது. தண்ணீர்ச் சுத்திகரிப்புச் சாமான் விற்பவர்கள் பலர், ஆளுக்கொரு சின்ன மாற்றத்தோடு, கிட்டத்தட்ட இதையேதான் தருகிறார்கள்: மணல் வடிகட்டி, நுண்குழாய் யு.எஃப். சவ்வு ஒன்று, 5 மைக்கிரோன் காட்ரிஜ், 1.5 கிலோவாற் நிலைக்குத்துப் பம்பி, அடுத்தடுத்து இரண்டு ஆர்.ஓ. சவ்வு, இரண்டு பாய்ச்சல்மானி, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. ஆர்.ஓ. சவ்வு 4 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் கொண்டது, ஃபில்ம்டெக் பி.டபிள்யூ.30-4040 அல்லது அதற்கு நிகரான ஒன்று. பெயர்ப்பலகையில் மணிக்கு 500 லீற்றர் என்று இருக்கும். சாயத் தண்ணியைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம் என்பது விற்பவர் சொல்வது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சவ்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிணற்றுத் தண்ணீருக்கென்று செய்த தொகுதியை அப்படியே சாயத் தண்ணீருக்குத் தள்ளிவிடுவதுதான் குறை. சாயம் போட்ட தண்ணீரையும் அலசிய தண்ணீரையும் தொட்டியடியிலேயே பிரித்து விடுகிற சாயக்கூடத்தில் இது நன்றாக உழைக்கும். எல்லாவற்றையும் ஒரே வாய்க்காலில் விடுகிற இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் உழைக்காது. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

ஒரு நாளைக்கு 10 கிலோ பருத்தி நூற்கழிக்கு ரியாக்டிவ் சாயம் (நூலோடு இரசாயனமாகப் பிணையும் வகை) போடும் கூடம் என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கு இருபது மடங்கு தண்ணீர், அதாவது தொட்டிக்கு 200 லீற்றர். கடும் நிறத்துக்கு லீற்றருக்கு 50 கிராம் உப்பு, 15 கிராம் சோடியம் காபனேற்று. மொத்தம் 10 கிலோ உப்பு, 3 கிலோ சோடா. அதன்பின் இரண்டு குளிர் அலசல், ஒரு அசற்றிக் அமிலத் தொட்டி, 95 பாகையில் ஒரு சவர்க்காரத் தொட்டி, ஒரு வெந்நீர் அலசல், மறுபடி இரண்டு குளிர் அலசல். எட்டுத் தொட்டி, 1600 லீற்றர். ரியாக்டிவ் சாயத்தில் பொதுவாக 60 தொடக்கம் 80 வீதம்தான் நூலில் ஒட்டும். மிச்சம் தண்ணீரோடு போகிறது.

சாயத் தொட்டியிலிருந்து எடுத்த 10 கிலோ நூல், சும்மா வடியவிட்டால், 20 லீற்றர் அளவு தண்ணீரைத் தன்னோடு கொண்டுபோகும். அந்த 20 லீற்றரில் 1 கிலோ உப்பு. ஆகவே முதல் அலசலில் லீற்றருக்கு நாலரைக் கிராம், இரண்டாவதில் அரைக் கிராமுக்கும் குறைவு. போட்ட உப்பில் பத்தில் ஒன்பது பங்கு அந்த முதல் 180 லீற்றரிலேயே நின்றுவிட்டது. மிச்ச ஏழு தொட்டியின் 1400 லீற்றரிலும் சேர்த்து இருப்பது 1.3 கிலோ உப்பும் சோடாவும், அதோடு கிணற்றுத் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருந்தது. மொத்தம் லீற்றருக்கு 2 கிராம் என்று கொள்ளலாம். நூலைப் பிழிந்து எடுத்தால் இதுவும் குறையும்.

ஆர்.ஓ. பம்பி முதலில் வெல்லவேண்டியது பிரசாரண அமுக்கத்தை, அதாவது கரைந்த உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடிக்கும் விசையை. உப்பு லீற்றருக்கு 1 கிராம் என்றால் அண்ணளவாக 0.8 பார். சாயத் தொட்டித் தண்ணீரில் லீற்றருக்கு 65 கிராம் கரைந்திருக்கிறது. 45 பாருக்கு மேல் கேட்கும். பி.டபிள்யூ.30-4040 தாங்கும் உச்ச அமுக்கமே 41 பார்தான். இந்தத் தொகுதியோடு வரும் பம்பி 15 பாரைத் தாண்டாது. பிரித்த அலசல் தண்ணீருக்கோ தொடக்கத்தில் ஒன்றரைப் பார் போதும், நாலில் மூன்று பங்கைத் தெளிநீராக (சவ்வைக் கடந்து வரும் தண்ணீர்) எடுத்தபின், சவ்வுக்கு முன்னால் உப்புச் செறிந்து மிஞ்சும் செறிநீருக்கு 6 பார். எல்லாவற்றையும் கலந்தால் லீற்றருக்கு 9 கிராமில் தொடங்கி 36 கிராமில் முடியும்; கடைசியில் 29 பார். அப்போது பம்பி ஓடும், சத்தம் வரும், தண்ணீர் வராது. சவ்வு அடைத்துவிட்டது என்று சொல்லி மாற்றச் சொல்லும் திருத்துநரும் உண்டு. அடைக்கவில்லை. பிழை வாய்க்காலில்.

அதனால் தொகுதிக்கு முற்பணம் கொடுக்கமுன் சாயத் தொட்டியின் அடியில் மூவழி வால்வு ஒன்றைப் பூட்டி, இரண்டு குழாய் இழுக்கவேண்டும்: ஒன்று சாயத் தண்ணீருக்கு, மற்றது அலசல் தண்ணீருக்கு. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கையளவு கடத்துதிறன்மானி ஒன்று வாங்கி ஒவ்வொரு தொட்டித் தண்ணீரையும் ஒரு கிழமைக்கு அளந்து எழுதுங்கள். அந்தத் தாளைக் கேட்காமல் விலை சொல்லும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்தது அந்த 500 லீற்றர். பி.டபிள்யூ.30-4040 இன் தரவுத்தாளில் நாளொன்றுக்கு 9.1 கன மீற்றர் என்று இருக்கிறது. அது லீற்றருக்கு 2 கிராம் சுத்தமான உப்புத் தண்ணீரில், 15.5 பாரில், 25 பாகையில், 15 வீத மீட்சியில் (உள்ளே போகும் தண்ணீரில் 15 வீதம் தெளிநீராக வரும்படி) அளந்தது. இரண்டு சவ்வுக்கு மணிக்கு 760 லீற்றர் வரும். அதில் கொஞ்சம் குறைத்து 500 என்று பலகை அடித்திருக்கிறார்கள். சாயம் கலந்த அலசல் தண்ணீரில் அந்த வேகத்தில் இழுத்தால் சாயமும் சவர்க்காரமும் சவ்வின் முகத்தில் பசையாக அப்பிவிடும். ஒரு சதுர மீற்றருக்கு மணிக்கு 15 லீற்றர் என்பது நிதானமான வேகம். சவ்வொன்றின் பரப்பு 7.2 சதுர மீற்றர் என்பதால், இரண்டிலும் சேர்த்து 200 லீற்றரைச் சற்றுத் தாண்டும். ஆகவே 1400 லீற்றரிலிருந்து 1050 லீற்றர் தெளிநீர் எடுக்க ஐந்து மணித்தியாலம். ஒரு கைத்தறிச் சாயக்கூடத்துக்கு இது தாராளம். 500 என்று நம்பி இரண்டு கூடத்துக்குப் பொதுவாக வாங்கினால்தான் வில்லங்கம்.

இரண்டு சவ்வை ஒருதரம் கடக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 75 வீதம் வேண்டுமென்றால் செறிநீரை அலசல் தண்ணீர் நிற்கும் சேகரிப்புத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, சுற்றிச் சுற்றி ஓட்டவேண்டும். செறிநீர்ப் பாய்ச்சல் மணிக்கு 900 லீற்றருக்குக் கீழே போகாமல் பார்த்தால் சவ்வின் முகம் கழுவுப்பட்டுக்கொண்டே இருக்கும். கிணற்றுத் தண்ணீர்த் தொகுதியில் இந்தத் திரும்பு குழாய் இருப்பதில்லை, அல்லது பம்பியின் வாய்க்கே திருப்பியிருப்பார்கள். தொட்டிக்குத் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். ஓட்டம் 6, 7 பாரில் தொடங்கி 11, 12 பாரில் முடியும். தொடக்கத்தில் 3.5 மில்லிசீமன் அளவில் நின்ற கடத்துதிறன் 13 ஐத் தொடும்போது நிறுத்தலாம். மின்சாரம் 1000 லீற்றருக்கு ஏறத்தாழ 4 அலகு. கிணற்றிலிருந்து இறைப்பதோடு ஒப்பிட்டால் இது விலைகூடிய தண்ணீர்தான். மிச்சம் பிடிக்கலாம் என்ற நினைப்பில் வாங்குகிறவர் ஏமாறுவார்.

பிறகு எதற்காக வாங்குவது? முதலாவது காரணம் தண்ணீரின் தரம். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் கிணறுகளில் வன்மை (கரைந்த கல்சியமும் மக்னீசியமும்) லீற்றருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். வன்னீரில் ரியாக்டிவ் சாயம் மங்கும், சவர்க்காரம் தயிர்போலத் திரண்டு நூலில் படியும். அதைத் தடுக்க ஒவ்வொரு தொட்டிக்கும் கல்சியத்தைக் கட்டிவைக்கும் இரசாயனம் போடவேண்டியிருக்கிறது. சவ்வைத் தாண்டி வரும் தண்ணீரில் வன்மை இல்லையென்றே சொல்லலாம், நிறமும் இல்லை. டி.டி.எஸ். (கரைந்திருக்கும் மொத்தத் திண்மம்) வழக்கமாக லீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே. அதே செய்முறையில் நிறம் தெளிவாக விழும், ஒரு முறை போட்டதற்கும் மறுமுறை போட்டதற்கும் மாறாது. மஞ்சளிலும் இளநீலத்திலும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒரு கவனம்: பி.எச். இறக்குவதற்காக அமிலம் விட்ட தண்ணீரிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு சவ்வைத் தாண்டிவிடுவதால் தெளிநீரின் பி.எச். 5.5 அளவில் நிற்கும். தொட்டியில் விழும்போது உயரத்திலிருந்து தூவி விழவிட்டால் சரியாகிவிடும்.

இரண்டாவது காரணம் நிலம். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. வழுக்கையாறும் மாரியோடு சரி. ஊற்றுகிற எதுவும் சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியே அடுத்த வளவுக் கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைக் கண்ட ஊருக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு 2008 ஆம் ஆண்டின் 1534/18 இலக்க வர்த்தமானி சி.ஓ.டி. (கழிவை ஒட்சியேற்றத் தேவையான ஒட்சிசன்) லீற்றருக்கு 250 மில்லிகிராமையும், நிறத்துக்கு 436, 525, 620 நனோமீற்றர் அலைநீள ஒளியை உறிஞ்சும் அளவாக முறையே மீற்றருக்கு 7, 5, 3 ஐயும் எல்லையாக வைத்திருக்கிறது. நீலச் சாயத்துக்குரிய அந்த 3 மிகக் கடினம். படிகாரம் போட்டுத் தெளியவிட்டு இதை எட்டுவது ரியாக்டிவ் சாயத்தில் அநேகமாக நடக்காது, ஏனென்றால் அந்தச் சாயம் துகளாக மிதக்கவில்லை, கரைந்திருக்கிறது.

இதே காரணத்தால் யு.எஃப். சவ்வும் ரியாக்டிவ் சாயத்தைப் பிடிக்காது. அதன் துளை 0.03 மைக்கிரோன் அளவில். சாய மூலக்கூறு அதைவிடப் பல மடங்கு சின்னது. யு.எஃப். தாண்டிய தண்ணீர் சிவப்பாகவே வருகிறது என்று முறைப்பாடு செய்பவர்கள் உண்டு. அது அப்படித்தான் வரும். யு.எஃப். இன் வேலை பஞ்சு, நூல் தும்பு, சவர்க்காரக் கட்டி, கிருமி ஆகியவற்றை நிறுத்தி ஆர்.ஓ. சவ்வைக் காப்பது. தொகுதியில் எமக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான்: 10 சதுர மீற்றர் சவ்வு மணிக்கு 400 லீற்றரைச் சிரமமில்லாமல் தரும். அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் 45 செக்கன் பின்கழுவல், கூடவே காற்று. குறுக்கமுக்கம் (சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான அமுக்க வித்தியாசம்) 0.3 பாரில் தொடங்கும். 1 பாரைத் தொட்டால் இரசாயனக் கழுவல். பின்கழுவிய தண்ணீரை வெளியே விடாமல் தெளியவிடும் தொட்டிக்கே திருப்புங்கள். மணல் வடிகட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தும்புக்கு 100 மைக்கிரோன் வலைச்சல்லடை அதைவிடச் சுகம்.

வாற் சாயம் (தண்ணீரில் கரையாத, இரசாயனம் போட்டுக் கரைத்துப் பாவிக்கும் வகை) போடுகிறவர்களுக்கு யு.எஃப். இன்னும் பெரிய உதவி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஐதரோசல்பைற்றில் கரைந்திருக்கும் வாற் சாயம் காற்றுப் பட்டால்தான் மறுபடி துகளாகும். காற்றூட்டாமல் அவசரப்பட்டு விட்டால், கரைந்த நிலையில் யு.எஃப். ஐக் கடந்து, ஆர்.ஓ. சவ்வுக்குள் போய் அங்கே துகளாகிவிடும். அதைக் கழற்றுவது பெரும்பாடு. சேகரிப்புத் தொட்டியில் காற்றுக்குமிழ் விட்டு, தண்ணீரின் நிறம் மாறி நிலைத்தபின், ஒரு போத்தலில் எடுத்து வைத்து அடியில் படிவு விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பம்பியைப் போடவேண்டும். ரியாக்டிவ் சாயங்களில் மிகத் தொல்லை தருவது மயில்நீலம்: மூலக்கூறு பெரியது, செம்பு கொண்டது, நூலில் குறைவாகவே ஒட்டும், சவ்வில் நன்றாக ஒட்டும். அந்த நிறம் போடும் நாளை இரண்டு சவ்வுக் கழுவலுக்கு நடுவில் வைக்காமல், கழுவலுக்கு முந்தின நாளாக வையுங்கள்.

சேகரிப்புத் தொட்டிக்கு 1500 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி போதும், ஆனால் அன்றைக்கே ஓட்ட முடியாது. சவர்க்காரத் தொட்டியும் வெந்நீரும் சேர்ந்தால் கலவை 44 பாகையில் நிற்கும், ஆர்.ஓ. சவ்வின் எல்லை 45. பம்பி சுற்றிச் சுற்றி ஓட்டுகையில் அதுவும் சூடேற்றும். இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் 35 க்குக் கீழே ஓட்டுவதுதான் வழி. அந்த இரவிலேயே அமிலமும் விட்டுவிடலாம். பி.எச். 6.5 க்கும் 7 க்கும் இடையில் இருக்கவேண்டும்; கிணற்று நீரின் காரத்தன்மையைப் பொறுத்து 1400 லீற்றருக்கு 33 வீத ஐதரோகுளோரிக் அமிலம் அரை லீற்றரிலிருந்து முக்கால் லீற்றர் வரை பிடிக்கும். காபனீரொட்சைட்டு நுரைத்துக்கொண்டு எழும். மூடியைத் திறந்துவைத்து, கொஞ்சங் கொஞ்சமாக விடுங்கள். மலிவு என்று சல்பூரிக் அமிலத்துக்கு மாற வேண்டாம். எமது தண்ணீரில் கல்சியம் கூட, அது சல்பேற்றோடு சேர்ந்தால் கல்சியம் சல்பேற்றுப் படிவு. காபனேற்றுப் படிவை அமிலம் கரைக்கும், இதைக் கரைக்காது. சாயத்துக்கு உப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்பேற்றுப் பாவிக்கும் கூடங்களுக்கும் இதே ஆபத்து.

உப்பைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. ஆனையிறவுக் கல்லுப்பில் சாயம் போடலாம், ஆனால் சுத்திகரிக்காத கடலுப்பில் கல்சியமும் மக்னீசியமும் உண்டு. உப்பைத் தனியே கரைத்து, சிறிது சோடா போட்டுக் கலக்கி, இரவு தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். நூலில் வெள்ளைப் புள்ளி விழாது, பின்னால் சவ்விலும் படியாது.

சவ்வைக் கொல்லும் சாமான்கள் நாலு. வெளிற்றும் தூள் முதலாவது: ஆர்.ஓ. சவ்வு சுயாதீனக் குளோரினை லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் தாங்காது. நூல் வெளிற்றிய தண்ணீர் இந்தத் தொட்டிக்கு வரவே கூடாது. யு.எஃப். ஐக் குளோரினால் கழுவினாலும் அதற்குப் பின்னே சோடியம் மெற்றாபைசல்பைற்று விடவேண்டும். குளோரின் 1 மில்லிகிராமுக்கு 3 மில்லிகிராம் என்பது நடைமுறைக் கணக்கு. கிணற்றுக் குளோரினைப் பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி இதற்கும் உதவும். இரண்டாவது, சாயம் போகாமல் கட்டும் ஃபிக்சர். அது நேரேற்றம் கொண்டது, சவ்வின் முகம் மறையேற்றம் கொண்டது. போய் ஒட்டினால் திரும்பி வராது. மூன்றாவது மென்மையூட்டி, சிலிக்கோன் என்றாலும் வேறென்றாலும். இந்த இரண்டு தொட்டித் தண்ணீரும் எந்தச் சவ்வுக்கும் போகாமல், பின்னால் சொல்லும் ஆவித் தொட்டிக்கே போகட்டும். நாலாவது பாவுக்குப் போடும் கஞ்சி. கஞ்சித் தண்ணீரை எக்காரணத்துக்கும் இதற்குள் விட வேண்டாம். இரண்டு நாளில் கிருமி வளர்ந்து காட்ரிஜ் வழவழத்துவிடும். படிகாரத்தோடு நேரேற்றப் பொலிமர் போட்டுத் தெளியவைக்கச் சொல்லும் விற்பனையாளருக்கும் இதே பதில்தான்: மிஞ்சுகிற பொலிமர் சவ்வில் ஒட்டும்.

இப்போது கடினமான பகுதி. சவ்வு எதையும் அழிப்பதில்லை, ஒதுக்கிவைக்கிறது. தினம் 350 லீற்றர் செறிநீரும் 180 லீற்றர் சாயத் தண்ணீரும் மிஞ்சும். தாளையடியில் 2024 இல் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் ஆர்.ஓ. தான், ஆனால் அதன் உவர்நீர் கடலுக்குப் போகிறது. திருப்பூரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபின், ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்குப் போனார்கள், அங்கே ஆர்.ஓ. வுக்குப் பின்னால் ஆவியாக்கும் இயந்திரங்கள் நிற்கின்றன. நொய்யல் ஆறும் அதிலுள்ள ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டபின் வந்த ஞானம் அது. 10 கிலோ நூலுக்கு அந்த இயந்திரம் கட்டாது. எமக்கு இருப்பது வெயில்.

கறுப்பு விரிப்புப் போட்ட ஆழமில்லாத தொட்டியில் கோடையில் நாளுக்கு 4 மில்லிமீற்றர் ஆவியாகும் என்று எடுத்தால், 530 லீற்றருக்கு 130 சதுர மீற்றர் வேண்டும். அரைப் பரப்புக் காணி. கட்டும் கூலியும் விரிப்பும் தொகுதியின் விலைப்பட்டியலில் இருக்காது, சேர்த்துப் பாருங்கள். உப்பளம் எந்த மாதங்களில் விளைகிறதோ அந்த மாதங்களில்தான் இதுவும் வேலை செய்யும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை, ஆவியாவதை விடக் கூட. ஒளிபுகும் தகட்டுக் கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் இல்லாத தொட்டி நிரம்பி வழியும், வழிவது நேரே நிலத்துக்குள். கோடையிலும் நாளுக்கு 15 கிலோ அளவில் நிறமான உப்பு மிஞ்சும். சீமெந்துச் சூளைக்குக் கொடுக்கலாம் என்பார்கள்; குளோரைட்டு கூடிய கழிவைச் சூளைகள் விரும்புவதில்லை, உள்ளே கட்டி பிடிக்கும். இந்த உப்புக்கு எங்கே இடம் என்பதைச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் குறைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது, விற்பனையாளர்கள் அதிகம் சொல்லாத வழி: என்.எஃப். சவ்வு, அதாவது யு.எஃப். ஐவிட நுண்ணிய, ஆர்.ஓ. வைவிடத் தளர்ந்த நனோ வடிகட்டல். ஃபில்ம்டெக் என்.எஃப்.270-4040 போன்றவை சாயத்தைத் தடுக்கும், சாதாரண உப்பில் பெரும்பங்கைக் கடக்கவிடும். உப்பு இரு பக்கமும் இருப்பதால் பிரசாரண அமுக்கம் குறுக்கே நிற்பதில்லை; 8, 10 பாரில் வேலை முடியும். 180 லீற்றர் சாயத் தண்ணீரை ஆறவிட்டு, ஐதரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 8 க்கு இறக்கி ஓட்டினால், 135 லீற்றர் உப்புத் தண்ணீர் திரும்பக் கிடைக்கும். அமிலம் கட்டாயம்: பி.எச். 11 இல் காபனேற்று இரட்டை ஏற்றத்தோடு நிற்பதால் சவ்வு அதைத் தடுத்துவிடும், இறக்கினால் இருகாபனேற்றாகிக் கூடுதலாகக் கடக்கும். இதற்கு இரண்டரை லீற்றர் அளவு அமிலம் செலவாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். திரும்பிய தண்ணீரில் மெல்லிய நிறம் இருக்கலாம். அடுத்த கறுப்புக்கோ கடும் நீலத்துக்கோ பாவித்து, குறைந்த உப்பை மானியால் அளந்து சேர்க்கலாம். சவ்வுக்கு முன்னால் மிஞ்சும் 45 லீற்றர் சாயத்தை மறுபடி பாவிக்க முடியாது, தண்ணீரோடு தாக்கமுற்ற ரியாக்டிவ் சாயம் நூலில் ஒட்டாது. ஆனாலும் ஆவித் தொட்டியில் மிஞ்சும் உப்பு நாளுக்கு 15 கிலோவிலிருந்து 6 கிலோ அளவுக்கு இறங்கும். கடும் நிறங்களே அதிகம் போடும் கூடம் இதைச் சேர்த்துத்தான் வாங்கவேண்டும். இளநிறங்கள் மட்டும் என்றால் உப்பே குறைவு, தேவையில்லை.

ஓர்டர் கொடுக்கையில் மாற்றச் சொல்லவேண்டியவை சில. வழக்கமாக வரும் 304 துருவேறா உருக்கு இந்தத் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிபடும்; ஆர்.ஓ. பகுதிக்கு 316எல், அமுக்கம் குறைந்த இடமெல்லாம் யு.பி.வி.சி. என்.எஃப். உப்புத் தண்ணீருக்கு 316எல் உம் மட்டுமட்டு, ஓட்டி முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். பம்பிக்கு வேகக் கட்டுப்படுத்தி வேண்டும், வால்வைத் திருகி அமுக்கம் சரிசெய்வது மின்சாரத்தை எரிப்பது. ஒவ்வொரு சவ்வுக் குழலுக்கும் தனித்தனி மாதிரிக் குழாய், 40 பாகையில் நிறுத்தும் வெப்ப ஆளி. தெளிநீர்க் குழாயில் மூடக்கூடிய வால்வு இருந்தால் கழற்றி எறியச் சொல்லுங்கள். அது மூடியிருக்கப் பம்பி நின்றால் தெளிநீர்ப் பக்கத்து அமுக்கம் சவ்வுத் தாளைப் பின்பக்கத்தால் பிரித்துவிடும், 0.3 பார் போதும் அதற்கு. கறண்ட் போனால் செறிநீர் உள்ளேயே நின்று படியும் என்பதால், 100 லீற்றர் தெளிநீரை உயரத்தில் வைத்து, கறண்ட் இல்லாத நேரத்தில் தானே திறக்கும் வால்வால் கழுவவிடுவது செலவுக்கு மிஞ்சின பலன்.

கழுவுவதற்குத் தனியாக ஒரு 100 லீற்றர் தாங்கி. தெளிநீர்ப் பாய்ச்சல் 10 வீதம் குறைந்தாலோ, குறுக்கமுக்கம் (ஆர்.ஓ. வில் இது குழலின் நுழைவாய்க்கும் செறிநீர் வெளிவாய்க்கும் இடையிலான வித்தியாசம்) 15 வீதம் கூடினாலோ கழுவுங்கள். பாதியாகக் குறையும்வரை காத்திருந்தால் கழுவிப் பயனில்லை. முதலில் காரம்: 0.1 வீதச் சோடியம் ஐதரொட்சைட்டு, 0.025 வீதச் சோடியம் டொடெசில் சல்பேற்று, பி.எச். 12, 35 பாகை. அமுக்கம் கூட்டாமல் அரை மணித்தியாலம் சுற்றவிட்டு, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, மறுபடி சுற்றி, தெளிநீரால் அலசுங்கள். பிறகு 2 வீதச் சித்திரிக் அமிலம், அல்லது 0.2 வீத ஐதரோகுளோரிக். சாயம் அப்பிய சவ்வைக் கழுவும்போது அமிலத்தை முதலில் விட்டால் சேதனப் படிவு இறுகும். சவ்வு நிறம் பிடித்திருப்பது மட்டும் ஒரு குறையல்ல.

என்ன பழுது என்பதைத் தண்ணீரே சொல்லும். பாய்ச்சல் குறைந்து, தெளிநீரின் தரம் மாறாமல் இருந்தால் சாயமும் சவர்க்காரமும் அப்பியிருக்கின்றன. முதல் குழலில் குறுக்கமுக்கம் ஏறினால் தும்பு அல்லது கிருமி, யு.எஃப். நுண்குழாய் ஏதும் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது குழலில் பாய்ச்சல் குறைந்து உப்பு கூடினால் சுண்ணாம்புப் படிவு, அமிலம் விடும் இடத்தில் கவனக்குறைவு. பாய்ச்சல் கூடி, கூடவே நிறமும் வந்தால் குளோரின் தின்றுவிட்டது, அந்தச் சவ்வுக்கு வைத்தியம் இல்லை. ஆனால் கழற்றிப் பூட்டிய மறுநாளே நிறம் வந்தால், புதுச் சவ்வு வாங்கமுன் ஓ வளையத்தை (பொருத்தில் கசிவைத் தடுக்கும் இறப்பர் வளையம்) பாருங்கள், மடிந்திருக்கும்.

விலையை இங்கே எழுதவில்லை, டொலரோடு ஏறி இறங்குகிறது. சவ்வு, காட்ரிஜ், பம்பி, யு.எஃப். நான்கையும் தனித்தனியாகக் குறித்த பட்டியல் கேளுங்கள். சவ்வுக்கு மாதிரி எண்ணும் தொடரிலக்கமும் பட்டியலில் இருக்கட்டும், நிகரான சவ்வு என்ற ஒற்றைச் சொல்லை ஏற்க வேண்டாம். உத்தரவாதம் கேட்டுப் போகும்போது முதலில் கேட்கப்படுவது தினப் பதிவேடு: அமுக்கம், பாய்ச்சல், கடத்துதிறன், வெப்பநிலை, பி.எச்.

மாரியில் ஆவித் தொட்டி நிரம்பிச் சாயம் போடுவதை நிறுத்தினால், ஆர்.ஓ. சவ்வைச் சும்மா விட வேண்டாம். காரத்தாலும் அமிலத்தாலும் கழுவி, தெளிநீரில் கரைத்த 1 வீதச் சோடியம் மெற்றாபைசல்பைற்றால் குழலை நிரப்பி, காற்றுப் புகாமல் வால்வுகளை அடையுங்கள். கிழமைக்கு ஒருதரம் பி.எச். பாருங்கள், 3 க்கு இறங்கினால் கரைசலை மாற்றவேண்டும். இறங்காவிட்டாலும் மாதம் ஒருதரம். தையில் திரும்பத் தொடங்கும்போது முதல் ஒரு மணித்தியாலம் வரும் தண்ணீரைச் சாயத்துக்கு எடுக்காமல் சேகரிப்புத் தொட்டிக்கே விடுங்கள், மிச்ச பைசல்பைற்று சாயத்தைக் கெடுக்கும்.